பாட்டில் வராத படகு

ஷேர் ஆட்டோவில் ஸ்பீக்கர் அதிர்ந்தால் எனக்கு அந்த மீன்காரம்மாவின் விரல்கள் நினைவுக்கு வரும். அன்று லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பழவேற்காடு போய்க்கொண்டிருந்தோம். ஜெர்மனியையே ஆடவைத்த டெக்னோ பாட்டு என்று சொல்லி டிரைவர் அதை வைத்தார். இடிக்கும் தாளத்துக்கு நடுவே ஒரு பெண்குரல், ‘யோவ், வந்துடுய்யா’ என்று தமிழில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எதிரே மீன்கூடையோடு இருந்த அம்மா, குரல் வரும்போதெல்லாம் முந்தானையில் முடிச்சுப் போட்டார். ஓய்ந்ததும் அவிழ்த்தார்.

“அது நாந்தான்” என்றார். “வெள்ளக்காரன் ஒருத்தன் அலைச் சத்தம் புடிக்க மெஷினோட வந்தான். அந்நேரம் எங்க ஊட்டுக்காரரு படகு முகத்துவாரத்து அலையில மாட்டிக்கிச்சு. நான் கத்துனத்த வலை இழுக்குற பாட்டுனு நெனச்சிகினான்.”

“இன்னாக்கா, அப்ப நீ ஜெர்மனில ஸ்டாரா?” என்று டிரைவர் சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “கடலுக்குப் போறவங்கள பின்னாலருந்து கூப்புடக் கூடாது. அன்னிக்கு வேற வழியில்ல. இன்னிக்கும் அவரு கடல்லதான் கீறாரு, அவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுனுதான் இந்த முடிச்சு. அத்த நிறுத்துப்பா.”

பாட்டு நின்றது. காற்று மட்டும் கேட்டது. கடலில் இருப்பவரை நினைத்தபோது அது எனக்கும் பிடிக்கவில்லை.

பழவேற்காட்டில் இறங்கும்போது, “அன்னைக்கு அவர் கரைக்கு வந்துட்டாராம்மா?” என்று கேட்டேன்.

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: “வந்துட்டாரு சார். பாட்டுலதான் இன்னும் வரல.”