காகத்துக்கு வைத்த சோறு

அப்பாவின் திவசத்தன்று நாங்கள் கனடாவில், மொன்றியலுக்கு வடக்கே ஒரு மலை ஏரிக்கரையில் இருந்தோம். வாடகைக்கு எடுத்த கேம்பர் வாகனத்துக்குள்ளேயே மனைவி சமைத்தாள். சாப்பாட்டை வெளியே வைக்கக்கூடாது என்று அந்த வனப்பூங்கா ஊழியர் சொன்னபோது தலையாட்டியவன் நான்தான். படையலும் சாப்பாடுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கரையிலிருந்த மேசையில் சோறும் வடையும் வைத்துவிட்டு வந்து, வாகன வாசலில் நின்று "கா, கா" என்று கூப்பிட்டேன்.

வந்தது கரடி.

மேசைக்கு அப்பால், தண்ணீரோரம் என் ஆறு வயது மகள். எனக்குக் காலும் எழவில்லை, குரலும் எழவில்லை.

"அசையாதை பிள்ளை, அப்பிடியே நில்," என்றாள் மனைவி.

கரடி எல்லாவற்றையும் தின்றுவிட்டுக் காட்டுக்குள் போனது. மகள் ஓடிவந்து கேட்டாள்: "ஏனப்பா நீங்கள் என்னைக் கூப்பிடேல்லை?"

இப்போதும் திவசத்துக்குப் பால்கனியில் சோறு வைக்கிறேன். மகளைக் கூப்பிட வராத குரலால் காகத்தைக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது.