ஒரு பென்சில் குறி குறைந்தது

போன வாரம் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்று கூட்டம் போடுகிறார்களாம், நான் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். நானெல்லாம் ஒரு ஆளாம்மா என்று கேட்டேன். "நீங்க யூனியன் ஆபீஸ் வாசல்ல எத்தனையோ பேருக்கு வேட்புமனு எழுதிக் குடுத்திருக்கீங்களாமே சார்" என்றாள் அதில் ஒரு பிள்ளை. சம்மதக் கடிதம் என்று ஒரு தாளை நீட்டினாள். கீழே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதைப் பார்த்ததும் பேனா பிடித்த கை நின்றுவிட்டது. நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அந்தக் குறி என் தொழில், பாருங்கள். தொண்ணூறுகளில் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு மெஷின், அதில் ஒன்று ரிப்பேர். காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், மற்ற நேரம் மனு அடிப்பேன். கார்பன் நீலம் விரலை விட்டுப் போகவே போகாது. சாப்பிட உட்கார்ந்தால் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

குழாயில் தண்ணீர் வரவில்லை, பஸ் நிற்கவில்லை, பென்ஷன் வரவில்லை. எல்லாம் அடித்தேன். காரியம் நடந்துவிட்டது என்று திரும்பி வந்து சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் கரைவேட்டியைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அரசியல் என்றாலே அயோக்கியத்தனம், அதில் சந்தேகமே கிடையாது. தேர்தல் வந்தால் அதே அயோக்கியர்களுக்கு வேட்புமனு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் வாங்கித் தந்த காப்பியையும் குடித்தேன் என்பது வேறு விஷயம்.

மனு எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பி, கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் குறி போட்டுக் கொடுப்பேன். அவர்கள் குறி பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு ரப்பரால் அழித்துவிடுவேன். படித்தவர்கள்கூட மனுவைப் படிக்க மாட்டார்கள். என் குறியை நம்புவார்கள்.

முருகேசனும் அப்படித்தான் நம்பினான். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன், பி.எஸ்ஸி. படித்தவன், இருபத்துமூன்று வயசு இருக்கும். அவர்கள் ஊர் ஊருணிக்குத் தண்ணீர் வரும் ஓடை வருஷக்கணக்காக வேலிக்கருவை முள் மண்டிக் கிடந்தது. அதற்கு நானே மூன்று மனு அடித்திருக்கிறேன். கடைசியில் முருகேசனும் கூட எட்டுப் பேருமாக அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கி வெட்டிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள், லீவு நாளில் வந்து முள் அள்ளியவர்கள். அந்த ஐப்பசியில் ஊருணி நிறைந்தது. மறுவருஷம் பஞ்சாயத்துத் தேர்தல். முருகேசன் தலைவருக்கு நிற்கிறேன் என்று வந்து நின்றான்.

"ஒனக்குப் பின்னால யாருடே இருக்கா?" என்று கேட்டேன். யாராவது பெரிய கை இல்லாமலா என்ற நினைப்பு எனக்கு.

"பின்னால யாரும் இல்ல அண்ணாச்சி. கூட எட்டுப் பேரு இருக்கோம்லா" என்றான்.

சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு கூசுகிறது.

மனுத்தாக்கலின் கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் அப்பா வந்தார். விதைப்பு நேரம். முழங்கால் வரை கரிசல் அப்பியிருந்தது. உள்ளே மண் ஒட்டிவிடும் என்று வாசல்படியிலேயே நின்றுகொண்டார்.

"எனக்கு இருக்கது ஒரே பிள்ள தம்பி. இதுல எறங்குனா ஒண்ணு இவன் கெட்டுப்போவான், இல்ல இவன அடிச்சுப் போட்டுருவாவ. ஏற்கனவே ரெண்டு பேரு வீட்டுக்கு வந்து பேசிட்டுப் போயிட்டாவ. நான் சொன்னா கேக்க மாட்டேங்கான். நீங்கதான எழுதுதீங்க. அது நிக்காத மாதிரி ஏதாவது செஞ்சு விட்ருங்க. நமக்கு எதுக்கு தம்பி இதெல்லாம்."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை, அதுதான் உண்மை. சரி போங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு நல்ல பையனைச் சாக்கடையில் விழாமல் காப்பாற்றுகிறோம் என்று மனசு நிறைந்துகூட இருந்தது.

மறுநாள் மனுவில் குறி போட வேண்டிய இடம் மூன்று. இரண்டு போட்டேன். உறுதிமொழிக்குக் கீழே போடவில்லை. முருகேசன் இரண்டு இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு எதிரே ஆபீசுக்கு ஓடினான். வாசலில் அந்த எட்டுப் பேரும் நின்றார்கள்.

பரிசீலனையில், உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்து இல்லை என்று மனு தள்ளுபடி. நேரே என்னிடம்தான் வந்தான். தேதி முடிந்துவிட்டது, திருத்த வழியில்லை. "ஒங்க மேல தப்பு இல்ல அண்ணாச்சி. நீங்க குறி போட்டுத்தான் இருப்பீய. நான்தான் அவசரத்துல பாக்காம விட்டுருப்பேன்" என்றான். எனக்குச் சமாதானம் வேறு. பிறகு, "அந்த எட்டுப் பேருகிட்டயும் என்னன்னு சொல்ல?" என்றான். நான் டீ சொன்னேன். குடிக்காமல் போய்விட்டான்.

எதிர்த்து நிற்க ஆளில்லாமல், லாரியில் தண்ணீர் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தவர் தலைவரானார். அடுத்த பொங்கலுக்குள் முருகேசன் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். ஒருநாள் அவன் அப்பா கடைவீதியில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். கூப்பிட்டேன். "அடி வாங்குனாலும் இங்கன இருந்திருப்பாம்லா தம்பி" என்றார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை வைதிருக்கலாம்.

பல வருஷம் கழித்து, அப்பா இறந்த காரியத்துக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த முருகேசனைக் கோவில்பட்டி ஸ்டேஷனில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் வளர்ந்த மகள். காலேஜில் ஏதோ போராட்டத்தில் முன்னால் நின்றாளாம், அதைப் பற்றித்தான் பேச்சு. "நமக்கு எதுக்கு இதெல்லாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கா அண்ணாச்சி. நீங்களாவது சொல்லுங்க" என்றான். அச்சு அசல் அவன் அப்பா குரல். சொல்லிவிடலாம், அந்தக் குறியை நான்தான் போடவில்லை என்று இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ரயில் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே தெரியாது.

இன்றைக்குக் காலையில் அந்தப் பிள்ளைகளின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு பேச எனக்கு ஒன்றும் தெரியாது, இதைத்தான் சொல்லப்போகிறேன். முருகேசனுக்கு முதலில் போன் செய்து சொல்ல வேண்டும். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்ஸ்டிடியூட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. முருகேசன் ஊரில் தண்ணீர் கேனில் வருகிறது. ஓடையில் திரும்பவும் முள். அதை வெட்டிய ஒன்பது பேரில் ஒருவர்கூட ஊரில் இல்லை.