பென்சில் கோடு சொன்ன சாட்சி

ஒன்பது தெரு தள்ளி நடக்கும் தில்லுமுல்லையும் என் தங்கையின் மூக்குக்கு எட்டிவிடும். சரி, ஒன்பது கொஞ்சம் அதிகம். மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரப்பசை தயாரிக்கும் கம்பெனியில், ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு ஒரு மேசை. அங்கே அவள் பட்டப்பெயர் சந்தேகப் பிராணி. வீட்டு எண்ணெய் பாட்டிலில்கூடப் பென்சிலால் அளவுக்கோடு போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். "என் கழுத்துலயும் ஒண்ணு போட்டுடு, சாயங்காலத்துக்குள்ள தேஞ்சிட்டேனான்னு பாக்கலாம்" என்பார் அவள் வீட்டுக்காரர்.

அந்த வருடம் ஒரே ஒரு ஆராய்ச்சியைத்தான் தொடர முடியும் என்றது நிர்வாகம். ஒன்று, இவள் மூன்று வருடம் மாரடித்த ஈரமரப் பசை. மற்றது, பக்கத்து மேசை இன்ஜினியரின் ஐந்து நிமிடப் பசை. தோற்றவர் மேசை காலி. இவள் தோற்றால் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டியதுதான்.

தேர்வு நாளன்று காலை, இன்ஜினியர் டீயோடு வந்தான்.

"சூடா இருக்குக்கா, குடிங்க."

"மூணு வருஷமா குடுக்காத டீ, இன்னைக்கு எதுக்குப்பா?"

"சும்மா, ஒரு பிரியத்துலதான்."

"மேசையைத் தூக்குற அன்னைக்குத்தான் பிரியம் பொங்குமா?"

டீ ஆறி, ஆடை கட்டியது.

அன்று காலை வந்த புதுப் பலகைகளைத்தான் அவரவர் மேசையில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. இரண்டு ஜோடிப் பலகைகளிலும் இருபது கிலோ எடையைத் தொங்கவிட்டார்கள். இரண்டும் தாங்கின.

"அஞ்சே நிமிஷம்! இதுல்ல வியாபாரம்!" என்று டைரக்டர் இன்ஜினியரைப் பார்த்துச் சிரித்தபடி பேனாவைத் திறந்தார்.

"பேனாவை மூடுங்க சார். காலையில வந்த பலகை ஒவ்வொண்ணுலயும் ஓரமா பென்சில் கோடு போட்டு வச்சேன். தம்பியோடதுல எங்க?"

புரட்டிப் பார்த்தார்கள். இவள் பலகையில் கோடு இருந்தது, அவனுடையதில் இல்லை.

"அப்போ இதை என்னைக்குப்பா ஒட்டின?" என்றாள் தங்கை.

அவன் முகம் காய்ந்த பசையாக இறுகியது. எல்லோர் முன்னிலையிலும் புதுப் பலகையை ஒட்டச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்து எடையைத் தொங்கவிட்டதும் பலகை பிய்த்துக்கொண்டு டைரக்டர் காலில் விழுந்தது. மனிதர் ஒரு மாதம் நொண்டினார். தங்கை அதே மேசையிலிருந்துதான் ஓய்வு பெற்றாள்.

இதை எழுதி, பக்கத்தில் இருந்த அவளுக்கே வாசித்துக் காட்டினேன். நான் கொடுத்த டீயை முகர்ந்து பார்த்தபடியே கேட்டாள்.

"எல்லாம் சரிதான்க்கா, ஒண்ணைத் தவிர. என்னோடதும் போன வாரம் ஒட்டின பலகைதான். கோடு போடுறவளே நானாச்சே, பழசுல ஒண்ணு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"