மெத்தைமேல் வைத்த லேப்டாப்

2009 ஆவணியில் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றில் கரை டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணப் புடவைக்குப் பாவு ஏற்றித் தறி தயாராக இருந்தது. என் டிசைன் முடிந்தால்தான் தறிக்குக் கரையைச் சொல்லிக்கொடுக்கும் துளை அட்டைகளை அடிக்க முடியும்; அட்டை வந்தால்தான் நெசவாளி தறியில் உட்கார முடியும். முகூர்த்தம் ஐப்பசி முதல் வாரம்.

டிசைன் போடும் பழைய மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது. ஆகவே முதலாளியின் மாப்பிள்ளை, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், கடையின் புது லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் என்று ஒன்றை நிறுவினார். கம்ப்யூட்டருக்குள் பொய்யாக இன்னொரு கம்ப்யூட்டர். அதில் பழைய விண்டோஸ். கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு டிசைனில் ஒரு கட்டத்துக்கு நிறம் வைத்தால், அது திரையில் தெரிவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மாப்பிள்ளை சென்னையிலிருந்து வந்து வந்து, கடை மெத்தையில் சம்மணம் போட்டு அமர்ந்து வைத்தியம் பார்த்தார். முதலில் வைரஸ் ஸ்கேனை நிறுத்தினார். அடுத்து, ரேம் என்கிற நினைவகம் இருந்த நாலு ஜிபியில் மூன்றைத் தூக்கி உள்ளே இருந்த மெஷினுக்குக் கொடுத்தார். வெளியே இருந்தது திணறியது. கடைசியாக எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினார். கோளாறு இதில்தானா என்று எனக்குச் சந்தேகம் என்றேன் முதலாளியிடம்.

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்பா" என்றார் முதலாளி. விருந்தில் மாப்பிள்ளை உப்பு அதிகம் என்றால் சமையல்காரியையே மாற்றும் வீடு அது.

நெசவாளி தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். "என்னா சார், பொட்டிக்குள்ள இருக்கிற பொட்டி எழுந்துக்கினுச்சா?"

எதையும் தேதி, நேரத்தோடு குறித்து வைப்பது என் பழக்கம். மெஷின் எப்போது திறந்தது, எப்போது படுத்தது என்று பன்னிரண்டு நாள் எழுதியிருந்தேன். அப்போது அமாவாசை வந்தது. தறிக்கும் கடைக்கும் விடுமுறை. லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். காலை முதல் மதியம்வரை தடங்கலே இல்லை.

குறிப்புகளை வரிசையாகப் படித்தேன். அதே ரேம், அதே மெஷின். வீட்டில் மேஜை, கடையில் மெத்தை, வித்தியாசம் அவ்வளவுதான். எங்கள் பட்டுக் கடைகளில் நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர், புடவை, முதலாளி எல்லாரும் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில்தான். லேப்டாப்பும் அங்கேயே. அடிவயிற்றில் காற்று இழுக்கும் துளைகள் பஞ்சில் புதைந்துவிடும். விர்ச்சுவல் மெஷின் ஓடினால் சூடு ஏறும். ஏறினால் கருவி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படித்த மாப்பிள்ளை அதை ஒருமுறைகூடத் தூக்கிக் கைவைத்துப் பார்க்கவில்லை.

மேஜை கேட்டேன். "மேஜை போட்டா ரேஷன் கடை மாதிரி ஆயிடும்பா" என்றார் முதலாளி. ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தேன். மறுநாள் மாலையே டிசைன் முடிந்தது.

மாப்பிள்ளை போனில் சொன்னதை முதலாளி எனக்குப் பெருமையாகச் சொன்னார்: "அவர் குடுத்த ரேம் இப்பதான் செட் ஆயிருக்குதாம்."

அடித்து முடித்த அட்டைக் கட்டு வாங்க வந்த நெசவாளி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பன்னெண்டு நாளு தறி சும்மா கெடந்துச்சு. முகூர்த்தத்துக்குள்ள புடவைய தறியிலேர்ந்து எறக்கணும்னா இனிமே என் சம்சாரமும் கூட உக்காரணும். மாப்பிள்ளை வந்து தறியில உக்காந்து நாடா தள்ளுவாரான்னு கேட்டுச் சொல்லுங்க மொதலாளி."

முதலாளி விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.