சோலோனில் அகில் வாங்கிய கதை

குவைத்தில் மதுவை முழுக்கத் தடை செய்ததால் என் வாசனைக் கடையில் விற்பனை இரட்டிப்பானது. அந்த இரட்டிப்புதான் 1967 மார்ச்சில் என்னைச் சைகோனுக்குத் துரத்தியது.

விளங்கச் சொல்கிறேன். நான் குவைத் போன புதிதில் முஸ்லிமல்லாத வெளிநாட்டார் அனுமதிச் சீட்டைக் காட்டி மது வாங்கலாம். பிறகு சட்டசபையில் பேசிப் பேசி அந்தச் சீட்டையும் எடுத்துவிட்டார்கள். சீட்டு போயிற்று, தாகம் போகவில்லை. ஆட்கள் என்னிடம் ஸ்பிரிட் கலந்த வாசனைத் தண்ணீரான யூடிகோலனை டஜன் டஜனாக வாங்கினார்கள். கைக்குட்டையில் தெளிக்கத்தான் வாங்குகிறார்கள் என்று நம்பியதாகச் சொன்னால் அது பொய். ஒருநாள் பக்கத்து அறை எலக்ட்ரீஷியனுக்குப் பார்வை மங்கியது. அவன் குடித்தது என் கடைப் பாட்டில். என்னை யாரும் விசாரிக்கவில்லை. நானே மிச்சப் பாட்டில்களைச் சாக்கடையில் ஊற்றினேன்.

அப்புறம் பிழைக்க வேண்டுமே? அரபி வீடுகளில் புகைக்கிற அகில் கட்டைக்கு நல்ல விலை உண்டு. உயர்ந்த ரகம் வியட்நாம் காட்டில் கிடைக்கும். சேமிப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு பம்பாய், பாங்காக் வழியாகப் பறந்தேன். சரக்கு தவறினால் கடையை மூட வேண்டியதுதான்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ஏழு கிலோமீட்டர். டாக்சிக்காரர் அந்த ஊர்ப் பணத்தில் இருநூறு பியாஸ்தர் கேட்டார், எண்பதுக்கு இறங்கி வந்தார். டோங் டு தெருவில், நம் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலுக்கு அருகே அறை எடுத்தேன். பாங்கு கேட்கும் தூரத்திலேயே அமெரிக்கச் சிப்பாய்களுக்கான பார்கள். குவைத்தில் ஆட்கள் ஒளித்துக் குடித்ததை இங்கே விளக்குப் போட்டு விற்கிறார்கள்.

மறுநாள் காலை ஒன்பதுக்குத் தரகர் அந்துவான் வந்தார். காரைக்கால்காரர், பிரெஞ்சுக்காரர் காலத்துக் குமாஸ்தா. ஆளுக்கொரு சைக்கிள் ரிக்ஷாவில், சைகோனின் சீனர் பகுதியான சோலோனுக்குப் போனோம். முக்கால் மணி நேரம், தலைக்கு முப்பது பியாஸ்தர்.

சீன வியாபாரி லாம் தட்டில் கருங்கட்டைகளைப் பரப்பினார். மணம் நன்றாகவே இருந்தது. ஆனால் தேய்த்த என் கட்டைவிரலில் லேசாகக் கறுப்பு. யோசிப்பதற்குள் அரிசிச் சாராயம் மூன்று கோப்பைகளில் வந்துவிட்டது.

"எடுங்க மரைக்காயரே," என்றார் அந்துவான். "இங்க இதுதான் கையெழுத்து. குடிக்காம வெல பேச மாட்டாரு."

"நான் தொட மாட்டேன் முசியே."

"இது என்ன குவைத்தா? போலீஸா வரப் போறான்? ஒரு மடக்கு. கண்ண மூடிக்கிட்டு மருந்துன்னு நெனச்சுக்கங்க."

"கண்ண மூடிக்கிட்டு சரக்கு வாங்குறவன் நான் இல்ல."

லாம் முகம் சுளித்து ஏதோ சொன்னார். அந்துவான் குரலைத் தாழ்த்தினார்: "அவமானமா எடுத்துக்கிறாரு. குடிக்கலேன்னா எழுந்து போகலாமாம்."

எழுந்து போனால் வெறுங்கையோடு குவைத். உட்கார்ந்தால் அந்தக் கோப்பை. இத்தனை வருடம் குடிக்காமல் இருந்தது போலீஸுக்குப் பயந்தா என்ன? எனக்குக் கோபம் வந்தது. கோப்பையை எடுத்தேன். லாம் சிரித்தார். அப்படியே தட்டிலிருந்த பெரிய கட்டையின் மேல் ஊற்றி, என் வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். ஸ்பிரிட் பட்டால் பூசிய சாயம் கழலும் என்பது யூடிகோலன் விற்றவனுக்குத் தெரியாதா?

கைக்குட்டை மை கொட்டியதுபோல் ஆனது. கட்டை வெளுத்துப்போய்க் கிடந்தது.

"என் பங்க அவரு மரம் குடிச்சிருச்சுன்னு சொல்லுங்க," என்றேன்.

லாமுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் மீதி இரண்டு கோப்பைகளையும் தாமே எடுத்துப்போய் உள்ளே வைத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடும் தேநீரோடும் திரும்பினார். அந்தப் பெட்டிச் சரக்கை நீர் ஊற்றி, தேய்த்து, துணுக்கு எரித்துப் பார்த்தேன். அசல். ஆறு கிலோ வாங்கினேன், நான் சொன்ன விலைக்கு.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், வெயிலில் பார்த்தால்தான் கட்டையின் நிறம் தெரியும். தட்டில் வருவதை வாங்காதீர்கள், உள்ளறைப் பெட்டியைக் கேளுங்கள். வெள்ளைக் கைக்குட்டை இரண்டு வேண்டும். ஸ்பிரிட் கொண்டுபோக வேண்டாம், அவர்களே உபசரிப்பார்கள்.

குடித்தால்தான் வியாபாரம் நடக்கும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து நான் குடிக்காமல் இருந்ததில்லை. சரக்குக்கு ஆசைப்பட்டுக் குடிக்கப் போவதுமில்லை.