சுக்ரா தேர்ந்தெடுத்த போன்

புஷ் என்கிற உலோக வளையத்தின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார் சுக்ரா. நகம் சிக்கினால் பிசிறு இருக்கிறது என்று பொருள். அது சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். ஜூஜுவாடியில் வண்டி உதிரிபாகம் செய்யும் எங்கள் ஆலையில் பதினாறு வருஷமாகத் தரம் பார்ப்பவர் அவர். லீவு லெட்டர் என்றாலும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். மெஷின்காரர்களிடம் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அவருக்கு ஒரே கேள்விதான்: “அளந்தியா, இல்ல நெனச்சியா?”

போன ஜூலையில் ஒரு நாள், வாங்கும் கம்பெனி புஷ்ஷின் உள்விட்டத்தை மாற்றிக் காலை ஆறு மணிக்கு மெயில் அனுப்பியிருந்தது. சுக்ரா அப்போது கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் அதைப் பார்ப்பதற்குள் பழைய வரைபடப்படி நானூறு புஷ் மெஷினில் ஓடிவிட்டன. முதலாளி நாராயணப்பன் சத்தம் போடவில்லை. இனி மெயில் உங்கள் போனிலேயே வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

அவருடைய பழைய போனில் மெயில் ஏறவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஆஃப்ஷீன் தன் ஐபோனைக் கொடுத்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தானிஷ் அதில் மெயிலை ஏற்றும்போது திரையில் ஏதோ அனுமதி கேட்டது. ஓகே அழுத்துங்கள் என்றான். சுக்ரா படித்தார். எங்கள் ஆபீஸ் மெயிலை ஏற்றினால், தேவைப்படும்போது அந்தப் போன் முழுவதையும் ஆபீஸ் அழிக்கலாம் என்றிருந்தது.

“எம் போன ஆபீஸ் எதுக்கு அழிக்கணும்?”

தொலைந்துபோனால் வரைபடம் வெளியே போகாமலிருக்கத்தான் என்றான் தானிஷ். அவர் போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

லாரி ஓட்டிய கணவர் கௌஸ் மொய்தீன் இறந்து மூன்று வருஷமாகிறது. வழியிலிருந்து அவர் அனுப்பிய பதினொரு குரல் செய்திகள் சுக்ராவின் பழைய போனில் இருக்கின்றன; போன் மாறினால் அவையும் புதியதற்குப் போக வேண்டும். இது எங்களில் சிலருக்குத்தான் தெரியும்.

ஆண்ட்ராய்டு போனில் ஆபீஸுக்கென்று தனிப் பகுதி வைத்துத் தரலாம், அழித்தாலும் அது மட்டும்தான் போகும் என்றான் தானிஷ். ஓசூர்க் கடையில் மகள் கூடவே நின்று ஐபோனே போதுமென்று சொல்லியும் சுக்ரா அதைத்தான் வாங்கினார். ஆனால் எல்லாச் செய்திகளையும் அதற்கு மாற்றவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினார். ‘டீசல் போட்டாச்சு, கெளம்பறேன்’ என்கிற ஐந்து விநாடிக் குரல்.

“இப்ப அழிச்சிக் காட்டு தம்பி.”

“அக்கா, இப்பத்தானே ஏத்துனேன்?”

“சாம்பிள் பாக்காம லாட்ட ஏத்துவனா நானு?”

தானிஷ் அழித்தான். ஆபீஸ் பகுதி மறைந்தது. சுக்ரா போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். பிறகு இன்னொரு முறை கேட்டார். மறுபடி ஏற்றிக்கொள்ளச் சொல்லித் தலையசைத்தார்.

முதலாளியிடம் போய், பஸ் ஏறியதிலிருந்து திரும்பி வந்து இறங்கும்வரை மெயில் பார்ப்பேன், அதற்குமேல் அவசரமென்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். செப்டம்பரில் மறுபடி ஒரு வரைபடம் மாறியது. மத்திகிரி தாண்டும்போது பஸ்ஸிலிருந்தே போன் செய்து மெஷினை நிறுத்தினார். ஒரு புஷ்கூட வீணாகவில்லை.

நானும் அதே பஸ்தான். மாலையில் கெலமங்கலத்தில் இறங்கியதும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்பார். ஆபீஸ் பகுதியை நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்தி, அதிலுள்ள ஆப்களின் சின்னப் படங்கள் ஒவ்வொன்றும் சாம்பல் நிறமாகும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் நடப்பார்.