மாப்பிள்ளை சதை வைத்தார்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் வீடு மாறுவது ஆண்தான். பெண்ணுக்கு அவள் வீட்டார் ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள்; மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்க் குடியேறுவார். நானும் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு அப்படித்தான் போனேன். முப்பத்தொரு வயது, சம்மாந்துறையில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர், ஒரு மோட்டார் சைக்கிள், வயிற்றுக்குள் ஒரு நோய். முதல் மூன்றும் தரகர் சொன்னது. நாலாவதை நான் பெண்வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

நிக்காஹுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு சளியோடு. பாமசிக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மூலத்துக்கு மருந்து எடுத்துத் தந்தார். இரண்டு பெட்டி முடித்தும் நிற்கவில்லை. மூலம் என்றால் இப்படி ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் ஓடவைக்காது என்று ஒரு படித்த மனிதனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பந்தல்காரருக்கு முற்பணம் போய்விட்டது, அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. உம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"உடம்புச் சூடு வாப்பா. செவ்விளநி குடி, அடங்கிரும்" என்றார் உம்மா. கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தினார். "இத யாரிட்டயும் கதைச்சிராத. பொண்ணூட்டார்ர காதில உழுந்தா, நோய்க்காரன மறைச்சிக் கட்டி வெச்சிட்டாங்க எண்டு ஊரெல்லாம் சொல்லுவாங்க."

மறைத்துக் கட்டி வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு கலியாணத்தைக் கவிழ்க்க இந்த மூன்று சொல் போதும். வீடு பெண்ணுடையது. அந்தப் பேச்சு வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறவன் நான்தான்.

கலியாணம் நடந்தது. நோய் அடங்கவில்லை.

மாமி வீட்டில் கக்கூசு குசினிக்குப் பின்னால் இருந்தது; அடுப்படியைத் தாண்டித்தான் போகவேண்டும். மாமா கட்டாரில் வேலை. வீட்டில் இருந்ததெல்லாம் மனைவி, மாமி, அவளுடைய தங்கைகளான, படிக்கிற இரண்டு மச்சிமார். புதுமாப்பிள்ளை ஒருவர் விடியற்காலையில் குசினியை ஊடறுத்துக்கொண்டு ஐந்து தரம் போய் வருவதென்றால் அது என்ன மானம்? ஒவ்வொரு தரமும் மாமி முக்காட்டை இழுத்துவிட்டு ஒதுங்கி வழி விடுவார். மச்சிமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே நான் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். தண்ணீர்த் தாங்கிக்கு இறைக்க மோட்டார் போடுகிற செலவு கூடுகிறது என்று மாமி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விருந்துகள் வேறு. புதுமாப்பிள்ளைக்கு மனைவியின் சொந்தக்காரர் வீட்டுக்கு வீடு சோறு கொடுக்க வேண்டும். ஒரு பெரிய தட்டில், சஹனில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவோம். மாப்பிள்ளையின் பக்கத்துக்குத்தான் இறைச்சித் துண்டெல்லாம் தள்ளப்படும். தட்டில் ஆறு கை இருக்கும்போது நடுவில் எழும்பி ஓடுகிறவனை யாரும் மறக்கமாட்டார்கள். நான் எழும்பாமல் இருந்தேன். அப்படி இருந்ததற்காக இரண்டு தரம் காற்சட்டையைக் குளியலறையில் களவாகக் கழுவியிருக்கிறேன். முப்பத்தொரு வயதில்.

மாமி முதலில் தன் கறி பிடிக்கவில்லையோ என்று முகம் சுருங்கினார். பிறகு கண்ணூறு என்று முடிவெடுத்து ஓதின தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடித்தேன். அதற்கும் ஓடினேன்.

மூன்றாம் மாதம், பாடசாலையில் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது கண் இருண்டது. அதற்குப் பிறகுதான் பயம் மானத்தை வென்றது. வீட்டில் இரண்டு நாள் ஆசிரியர் பயிற்சிச் செயலமர்வு என்று பொய் சொல்லிவிட்டு உம்மா வீட்டுக்குப் போய், வயிற்றைக் கழுவும் மருந்தைக் குடித்து, மட்டக்களப்புக்குப் போய்க் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் செய்தேன்.

டொக்டர் படத்தைக் காட்டினார். சிவந்து, புண்ணாகி, தொட்டால் கசியும் ஒரு பாதை. அது என்னுடையது என்று நம்பக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எண்டு சொல்லுறது. பெருங்குடல் அழற்சி, தம்பி. உங்கட உடம்பே உங்கட குடலோட சண்டை பிடிக்குது."

"எத்தன நாளைக்கு மருந்து எடுக்கோணும் டொக்டர்?"

"இதுக்கு நாட்கணக்கு இல்ல தம்பி. அடக்கி வெச்சிருக்கலாம். மருந்த மட்டும் விடப்படாது."

நான் கணித ஆசிரியன். முடிவு இல்லாத எண்களைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். அந்த மேசைக்கு முன்னால் அது எனக்கு விளங்கவே இல்லை. திரும்பவும் கேட்டேன், ஆறு மாதமா, ஒரு வருடமா என்று. அவர் பொறுமையாக அதே பதிலைச் சொன்னார். பிறகு நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "நோன்பு வருது. இந்த முறை பிடிக்க வேணாம். வீட்டுக்காரரிட்ட சொல்லுங்க" என்றார். சொல்லுங்க என்று எவ்வளவு லேசாகச் சொன்னார்! பஸ்ஸில் கல்முனை வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் மவுத்து வீடோ, யாரும் இறந்துபோனாங்களோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

குளிசைகளைப் பாடசாலை மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்தேன். அதிலொன்று ஸ்டீரொயிட். இரண்டு கிழமையில் இரத்தம் குறைந்தது. பசி வந்தது, பேய்ப்பசி. முகம் உப்பத் தொடங்கியது. கன்னம் இரண்டும் ஊதி, கண்கள் உள்ளே போய், கண்ணாடியில் யாரோ ஒரு முதலாளி தெரிந்தார்.

மாமிக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை சதை வைத்தால் அது மாமியின் கைக்குக் கிடைக்கும் சான்றிதழ். வந்து போகிற பெண்களுக்கெல்லாம் மாமி என்னைக் காட்டினார். "வரக்குள்ள எப்பிடி இரிந்தார், இப்ப பாருங்க! எங்கட சோறு ஒத்திரிக்கி." அவர்களும் என் கன்னத்தைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார்கள். மனைவி வெட்கத்தோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். அது மருந்தின் வீக்கம் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வந்திருக்காது. நான் இன்னொரு அகப்பை சோறு கேட்டேன்.

என்னைப் போல் கோழை அந்த ஊரில் இன்னொருவன் இருந்திருக்கமாட்டான்.

நோன்பு வந்தது. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று மார்க்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பாடம். ஆனால் அந்தச் சலுகையை எடுக்க முதலில் நோயாளி என்று வாய் திறக்க வேண்டும். இவ்வளவு சதை வைத்த மாப்பிள்ளை எதற்காக நோன்பை விடுகிறார்? ஆகவே பிடித்தேன். மூன்று வேளைக் குளிசை ஒரு வேளையானது. ஸ்டீரொயிட் வெறும் வயிற்றை எரித்தது. முகமும் இதற்குமேல் ஊதினால் சந்தேகம் வரும் என்று பயம். பத்தாம் நோன்போடு அதை நானே நிறுத்தினேன். டொக்டர் விடப்படாது என்று சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

நோன்பு பாதியைத் தாண்டியபோது இரத்தம் திரும்ப வந்தது, முன்னைவிட மூர்க்கமாக. ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுது வந்தவன் நேரே பின்னால் போனேன். குசினியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மாமி சமோசா மடித்துக்கொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலம் ஆகியும் என்னால் வெளியே வர முடியவில்லை. ஒவ்வொரு முறையும் முடிந்தது என்று எழும்புவேன். குடல் பிடித்து முறுக்கித் திரும்ப இருத்தும். வியர்த்து, சுவரில் தலையைச் சாய்த்து, அல்லாஹ்விடம் கேட்டேன்: ஒன்றில் என்னைச் சுகமாக்கு, இல்லையென்றால் இப்படியே எடுத்துவிடு. உண்மையாகவே கேட்டேன்.

மனைவி கதவைத் தட்டினாள். "என்ன செய்யிது உங்களுக்கு? துறங்க."

கையை நீட்டிக் கொக்கியைத் தள்ளினேன். அவள் நிலத்தில் இரத்தத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவைப் பிடித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். நோயின் பெயர், மட்டக்களப்பு, செயலமர்வு என்ற பொய், லாச்சிக்குள் இருக்கும் குளிசை, கன்னம். அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கலியாணத்துக்கு முந்தி இரிந்திச்சா?"

சாய்ந்தமருதுக்கு வந்த நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. இரண்டு பெட்டி மூலக்குளிசை, செவ்விளநீர், உம்மாவின் தாழ்ந்த குரல், எல்லாம் தொண்டைவரை வந்தது.

"இல்ல" என்றேன். "இங்க வந்த பொறகுதான் தொடங்கிச்சி."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். அதே நேரம் வயிறு மறுபடி பிடித்தது. நான் கதவைச் சாத்தினேன்.

பலகைக் கதவு. அந்தப் பக்கம் குசினி. இந்த முறை குழாயைத் திறக்கக் கைக்குப் பலமில்லை. அதனால் எல்லாம் கேட்டது. மனைவி எல்லாவற்றையும் மாமியிடம் சொன்னாள். மாமி அகப்பையைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது.

"அப்ப மறைச்சித்தான் கட்டி வெச்சிரிக்காங்க. உன்ட வாப்பா அங்க வெயில்ல கெடந்து கட்டின ஊடு இது. நோய்க்காரனுக்கா கட்டின?"

"அப்பிடிச் சொல்லாதீங்க உம்மா. அவருக்குத் தெரியா."

"தெரியாம இரிக்குமா? ஒனக்குப் பொய் சொல்றார் மகள்."

"உம்மா, நான் நோன்போட சொல்றன்." என் மனைவியின் குரல் நடுங்கவில்லை. "வல்லாஹி, கலியாணத்துக்கு முந்தி அவருக்கு இது இரிக்கல்ல."

அல்லாஹ்வின் மேல் சத்தியம். நோன்பு வாயால்.

எழும்பி வெளியே போய் அதைத் திருத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். இதைப் படிக்கிறவர்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், எழும்பப் பார்த்தேன். இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன; குடல் விடவில்லை. ஆனால் அது ஐந்து நிமிடத்துக்குத்தான். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு என்னைத் தடுத்தது குடல் இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, மாமி ஒரு கிளாஸ் தண்ணீரோடு வாசலில் நின்றார். முக்காட்டை இழுக்க மறந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"நோன்ப உடுங்க மகன். குடிங்க."

வாங்கிக்கொண்டேன். மற்றக் கை இன்னும் சுவரில்தான் இருந்தது. மாமி தன் கையால் அதைத் தாங்கிப் பிடித்தார்.

"நான் உங்களப் பத்திப் பிழையா நெனச்சிட்டன். நோன்போட ஒரு பேச்சும் பேசிட்டன். என்னை மாப்புச் செய்ங்க மகன்."

"அதெல்லாம் ஒண்டுமில்ல மாமி" என்றேன். அவர் பிடித்திருந்த கிளாஸிலிருந்து தண்ணீரைக் குடித்தேன்.

அன்று பின்னேரமே மாமி ஓட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஒன்பது நாள் கட்டிலில் கிடந்தேன். மாமி ஒவ்வொரு நாளும் உறைப்பில்லாத சோறு குழைத்துக் கொடுத்துவிட்டார். பார்க்க வந்த உம்மாவிடம், "புள்ளைக்கு முந்தி இப்பிடி ஒண்டும் இருந்ததில்லையாமே மாப்பிள்ளட உம்மா" என்று பரிவோடு சொன்னார். உம்மா என்னைப் பார்த்தார். நான் சேலைன் போத்தலைப் பார்த்தேன். "ஓம்" என்றார் உம்மா.

இப்போது குளிசை வீட்டில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், மேசைமேல் இருக்கிறது. நேரத்துக்கு எடுத்துத் தருவது மனைவிதான். நோய் ஒரு மாதம் தூங்குகிறது, ஒரு மாதம் எழும்புகிறது. அது இனி என்னோடுதான். அதை ஒருமாதிரி ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டேன். பழக முடியாதது அவள் சொன்ன அந்த ஒரு சொல், வல்லாஹி. தொழுது முடித்து அவள் கையேந்தும்போதெல்லாம் நான் அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன். எனக்குச் சுகம் கேட்டு அழுகிறாள் என்பது தெரியும். வயிறு சரியில்லையாக்கும் என்று நினைத்து, அவள் என் பின்னாலேயே எழும்பி வந்து குசினி லைட்டைப் போட்டுவிடுகிறாள்.